அக்காவின் மஞ்சள் விளக்கு

அத்தான் பெட்டியோடு கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை மாலை, அக்கா சோபாவில் உட்கார்ந்து வலது காலால் தரையை அழுத்திக்கொண்டிருந்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தே பழகிய கால் அது. டிவியில் யாராவது வேகமாக நடந்தால்கூட பிரேக் போடும். "இந்த வீட்ல எல்லா பிரேக்கும் உங்கிட்டதான் இருக்கு. நான் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, மெக்கானிக்கான அத்தான் வேறு ஊரில் பட்டறை வைத்திருக்கும் தம்பியிடம் போய்விட்டார்.

மறுநாள் காலை, அக்கா நடத்தும் டிரைவிங் பள்ளிக்கு இருக்கும் ஒரே காரின் டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது.

நான் அப்போதுதான் நாடு நாடாகச் சுற்றி முடித்து, முதுகுப்பையோடு அக்கா வீட்டு சோபாவில் குடியேறியிருந்தேன். 'வண்டி நின்றுவிட்டது' என்று பல மொழிகளில் சொல்வேன். பானட்டை எங்கே திறப்பது என்று தெரியாது. ஆனாலும் ஆலோசனை சொல்ல வாய் கூசவில்லை.

"வெடிச்சிடுமா, அக்கா?"

"நீ வாய மூடினா வெடிக்காது. விட்டு விட்டு மின்னினாத்தான்டீ உடனே நிறுத்தணும். இது சும்மா என்னை முறைக்குது."

அக்காவின் பாடத்தில் பெட்ரோல் போடுவதும் உண்டு. கற்றுக்கொள்ள வருபவர்கள், தூங்கும் குழந்தைக்குப் போர்த்திவிடுவதுபோல் டாங்க் மூடியை மெல்ல வைப்பார்கள். "டக்டக்னு கேக்குற வரைக்கும் திருகும்மா!" என்று தெருவே கேட்கக் கத்துவாள். மூடி சரியாக இல்லாமல் ஆவி கசிந்தாலும் இந்த விளக்கு எரியும். ஆகவே முதலில் மூடியைத்தான் இறுக்கினாள். விளக்கு அசையவில்லை.

பிறகு ஏர் ஃபில்டரைத் தட்டினாள். ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினாள். நான் செல்போனில் படித்துவிட்டு, "புகைக்குழாயில இருக்கற ஆக்சிஜன் சென்சார்தான்" என்று தீர்ப்புச் சொன்னேன். அதையும் மாற்றினாள். விளக்கு எங்கள் இருவரையும் மதிக்கவே இல்லை.

"வேற மெக்கானிக்கிட்ட காட்டேன்."

"எல்லாரும் அவர் கூட்டாளிங்க. டீ ஆறுறதுக்குள்ள அவர் காதுக்குப் போயிடும்."

"அப்ப நீயே போன் போடு."

"விளக்கெரியுதுன்னு நான் கூப்பிடணுமா? அவராக் கேக்கணும்டீ." சொல்லும்போதே செல்போனைத் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொரு மணியோசைக்கும் அப்படித்தான் பார்ப்பாள். பார்த்துவிட்டு, "சே, விளம்பரம்" என்பாள்.

அப்புறம் அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கத்த முடியாததால் பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை. கார் மருந்துக்கடைக்கும் காய்கறிக்கடைக்கும் மட்டும் போய்வந்தது. வார இறுதியில் விளக்கு தானாக அணைந்திருந்தது.

அப்போதுதான் அக்காவுக்குப் புரிந்தது. மூடியை இறுக்கிய பிறகும் சில நாள் ஓடினால்தான் விளக்கு அணையும். அதற்குள் அடுத்த பாடத்தில் இன்னொருவர் வந்து மூடியைத் தளர்வாக வைத்துவிடுவார்.

"என் பாடந்தான்டீ நோயே," என்றாள் கரகரத்த குரலில். "ஊருக்கெல்லாம் டீச்சராம், டீச்சர்!" அன்றிலிருந்து ஒவ்வொரு பாடம் முடிந்ததும் மூடியை அவளே இறுக்கினாள். கழற்றிய பழைய சென்சார் இப்போது என் மேசையில் காகிதங்கள் பறக்காமல் காக்கிறது.

மாதங்கள் போயின. நேற்று மாலை கடைசி மாணவி இறங்கிப்போன பிறகு, காரில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது செல்போன் ஒலித்தது. அத்தான். 'வண்டி எப்படி ஓடுது?' அவ்வளவுதான் செய்தி.

எதிரே ஒரு விளக்கும் எரியாமல் டாஷ்போர்டு துடைத்துவைத்ததுபோல் இருந்தது. அக்கா அதைப் பார்த்தாள், செய்தியைப் பார்த்தாள், பிறகு பதில் அடித்தாள். எட்டிப் பார்த்தேன். 'எஞ்சின் லைட் எரியுது. என்னன்னே தெரியல. வந்து பாருங்க.'

"அக்கா, இது அநியாயம்," என்றேன்.

அவள் கதவைத் திறந்து இறங்கி, காரின் பின்பக்கம் போய், தெருவில் யாரும் பார்க்கிறார்களா என்று இருபுறமும் பார்த்துவிட்டு, பெட்ரோல் மூடியைத் தளர்த்தினாள்.