என் பழைய காடியும் ஃபெயில் சீட்டும்

என் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு அவருடைய பழைய காடியை, அதான் காரை, என் பேருக்கு மாற்ற வேண்டியிருந்தது. அதற்குக் காடி சோதனையில் பாஸாக வேண்டும். "ஃபெயிலானா இரும்புக்கடைதாம்மா," என்றான் மகன். "பாக்கலாம்லா," என்று கெலுகோர் வீட்டிலிருந்து அவனோடு சோதனை நிலையத்துக்குக் கிளம்பினேன்.

சோதித்த தம்பி சீட்டை நீட்டினார். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். மகன் வாங்கிப் படித்துச் சிரித்தான்.

"ஃபெயில்! கெழட்டுக் காடி!"

"எதுல ஃபெயில்? அதச் சொல்லுடா."

"பிரேக், எஞ்சின் எல்லாம் நல்லாருக்கும்மா," என்றார் அந்தத் தம்பி. "முன்லைட்டுதான் மங்கல். லைட்டுக் கண்ணாடி முழுக்க என்ன இது, மஞ்சளா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆயுத பூசைக்கு ஆயுத பூசை நான் அப்பிய மஞ்சளும் சந்தனமும்தான். துடைத்தால் சாமி குத்தம் என்று யாரையும் தொடவிட்டதில்லை. அதன் மேலேயே அடுத்த வருசமும் அப்புவேன்.

அங்கேயே குனிந்து, தண்ணீர் ஊற்றி, நகத்தால் சுரண்டினேன்.

"விடும்மா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்டா."

மறுபடி வரிசையில் நின்றோம். பாஸ்.

தப்பு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். அதற்காகக் காடியைக் குறை சொல்ல யாரையும் விடமாட்டேன். வருகிற பூசைக்கும் அதற்குப் பொட்டு உண்டு. கண்ணில் அப்பாமல் நெற்றியில் வைப்பேன், அவ்வளவுதான்.