முதல் பக்கத்தில் மஞ்சள்

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு புடவைக் கடையில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை பார்க்கிறேன். பேரம் பேசுகிறவர்களைப் பார்த்தே பேரம் படித்தவள். விலையைப் பற்றி முதலில் வாயைத் திறக்கக் கூடாது, குறையைத்தான் சொல்ல வேண்டும். "இங்க நூல் இழுத்திருக்கே", "பார்டர் வெளுத்தாப்ல இருக்கே" என்று ஆரம்பித்தால் விற்கிறவர் தானாக இறங்கி வருவார்.

மகள் பல்கலைக்கழகத்தில் பொறியியல் சேர்ந்ததும் இந்த வித்தையைக் கைபேசியில் காட்ட ஆரம்பித்தேன். பழைய பொருள் விற்கும் செயலி ஒன்றில் பாடப்புத்தகங்கள் கொட்டிக் கிடந்தன. எனக்கு அவற்றில் ஒரு வரி புரியாது. பின்னட்டையின் நீள எண்ணையும், எத்தனையாவது பதிப்பு என்பதையும் மட்டும் பார்ப்பேன். ஒரு முறை பதிப்பு மாறிப்போய், உள்ளே கணக்குகளின் வரிசையே வேறாக இருந்தது. "பரவாயில்லம்மா" என்றாள் மகள். எனக்குத்தான் ஆறவில்லை, ஒரு வாரம் அந்த விற்றவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரு புத்தகத்துக்காக எங்கள் வீடு இருக்கும் ஈசூனிலிருந்து தீவின் மறுபக்கம் புக்கிட் மேரா வரை போய், முன்பின் தெரியாத அடுக்குமாடி புளோக்கின் கீழே அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். வாங்கி வந்ததைத் துடைத்து, யாரோ போட்ட பென்சில் கோடுகளை அழித்து, முதல் பக்கத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பிறகுதான் மகள் கையில் கொடுப்பேன். எவர் படித்ததாக இருந்தால் என்ன, என் பிள்ளைக்கு அது புதுசு. அவள் வாங்கிக்கொண்டு நேரே அறைக்குள் போய்விடுவாள். படிக்கிற பிள்ளை, தலையில் ஆயிரம் ஓடும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் வருடம் பாதியில் இருக்கும். கடையில் என்னோடு வேலை செய்யும் பெண், அவளுடைய அண்ணன் மகனும் அதே படிப்பில் சேர்ந்திருப்பதாகச் சொல்லி, தன் கைபேசியை என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, நீங்களே பேசி வாங்கிக் குடுங்க லா. எனக்கு வெல பேச வராது."

தேடினேன். மகளுக்கு நான் வாங்கித் தந்த அதே தடிப் புத்தகம், அதே பதிப்பு. படிப்பை விட்டுவிட்டதால் விற்கிறேன், நல்ல நிலையில் இருக்கிறது, முதல் பக்க மூலைகளில் மட்டும் மஞ்சள் நிறக் கறை என்று போட்டிருந்தது. குறையை அவர்களே சொல்லிவிட்டால் எனக்குக் கேட்க வேண்டுமா! என்ன கறை, குழம்பா, அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு விலையைக் குறைத்துக் கொடு என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தட்டினேன்.

உடனே பதில் வந்தது. குழம்பு இல்லை, மஞ்சள். என் அம்மா என் எல்லாப் புத்தகத்திலும் வைப்பார்கள். வேண்டுமானால் அந்தப் பக்கத்தை வெட்டிவிட்டுத் தருகிறேன்.

ஊரில் மஞ்சள் வைக்கிற அம்மா நான் ஒருத்திதானா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புத்தகம் கிடந்தது எங்கள் வீட்டுப் படுக்கை விரிப்பின் மேல். முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் துவைத்து மடித்து வைத்தது.

கூட வேலை செய்கிறவளிடம், "நான் போயி வாங்கிட்டு வர்றேன், ஒன் போன் என்கிட்டயே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் மதியம் சைனாடவுன் ஸ்டேஷன் வாசல் என்று முடிவாயிற்று. அன்று காலையிலும் மகள் பையை மாட்டிக்கொண்டு, நான் கட்டிக் கொடுத்த சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு, "கிளாஸுக்கு நேரமாச்சும்மா" என்று கிளம்பினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அந்தச் சோற்றைத் தினமும் வடித்துக் கொடுத்தவளே நான்தான்.

ரயிலில் போகும்போது திட்டுவதற்கு வேண்டியதையெல்லாம் அடுக்கிக்கொண்டு போனேன். என் வாய் நீளம் என்பது கடைத்தெருவுக்கே தெரியும். வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"என்னம்மா இங்க? கிளாஸ் சீக்கிரம் முடிஞ்சிடுச்சு. ஃபிரெண்ட பாக்க வந்தேன்."

ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வந்தது. நான் கடைப் பெண்ணின் கைபேசியை எடுத்து, 'வந்துவிட்டேன்' என்று தட்டி அனுப்பினேன். அவள் கையிலிருந்த கைபேசி ஒலித்தது. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு நிமிரவில்லை.

அடுக்கி வைத்த வசவு ஒன்றுகூட வாயில் வரவில்லை. "மத்தியானச் சோத்த எங்க ஒக்காந்து சாப்புட்ட, இத்தன நாளா?" என்றுதான் கேட்டேன்.

"கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போவேம்மா. ரயில்ல சாப்பிடக் கூடாதுல்ல. எறங்கி, அங்க இருக்குற படகுத்துறை பெஞ்சுல ஒக்காந்து சாப்பிடுவேன். திரும்ப ஏறிடுவேன்."

"எத்தன நாளா?"

"ஏழு மாசம்."

எங்கேயோ உட்கார்ந்தோம். அவளே சொன்னாள். முதல் வருடமே தோற்றிருக்கிறாள், மறுபடி எழுதியும் தோற்றுப் படிப்பை விட்டிருக்கிறாள். "சொல்லணும்னுதாம்மா ஒவ்வொரு நாளும் நெனப்பேன். நீங்க அடுத்த புக்கோட வந்து நிப்பீங்க. மஞ்சள் வேற வச்சிருப்பீங்க."

புத்தகத்தை வாங்கித் திறந்தேன். முதல் பக்கம் இல்லை, அளவுகோல் வைத்து நேராக வெட்டியிருந்தாள். அந்தப் பக்கம் நான்காக மடித்து அவளுடைய பர்ஸில் இருந்தது. "வாங்குறவங்க கேட்டாங்க, அதான். தூக்கிப் போட மனசு வரல" என்றாள். கேட்டது நான்தான். குழம்புக் கறையா என்று கேட்டதும் நான்தான். அந்த இடத்திலேயே அழுதேன், போகிற வருகிறவர்கள் பார்க்க.

அவள் திரும்பப் படிக்கப் போகவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது ஓர் அலுவலகத்தில் வேலை. காலையில் டப்பாவைக் கொடுக்கும்போது, வேண்டாம் என்று நினைத்தாலும் என் கண் ஒரு நொடி அவள் முகத்தில் நின்றுவிடுகிறது. அது அவளுக்கும் தெரிகிறது.

அதனால்தானோ என்னவோ, நான் கேட்காமலே மதியம் ஒரு படம் அனுப்புகிறாள். அலுவலக மேசை, திறந்த டப்பா, பக்கத்தில் அவளுடைய அடையாள அட்டை. அட்டையில் இருக்கும் பெயர் படத்தில் தெளிவாகத் தெரியும்படி திருப்பி வைத்திருப்பாள். இதெல்லாம் வேண்டாம் பாப்பா, உன்னை நம்புகிறேன் என்று எழுத நினைப்பேன். 'சாப்பிடு' என்று மட்டும் எழுதி அனுப்புகிறேன்.