செத்தவன் கடிச்சா தாங்குமா?

தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கிற கடைக்குப் பயந்துபோய் யாரும் வருவதில்லை; மேலே இருக்கிறவர் திட்டினால்தான் வருவார்கள். ஹெல்மெட்டில் வடை வாங்கிப்போகிறவர்களுக்கும், கம்பூட்ஸ் காலைக் கடிக்கிறது என்று அதைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கிறவர்களுக்கும் பல வருஷம் சாமான் எடுத்துக் கொடுத்தவள் நான். என்னை மாதிரிக் கடைவேலை பார்த்து, கவுண்டருக்குப் பின்னால் நின்றே கால் வீங்கிப்போன உங்களுக்கு அந்தப் பிழைப்பை நான் விளக்க வேண்டியதில்லை. கடை திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், டோல்கேட்டுக்குப் பக்கத்தில். முதலாளி ஹமீது பாய். வேலைக்கு ராயபுரத்திலிருந்து வருகிற புஷ்பம், அதாவது நான், ஒருத்திதான். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வாரம் எங்கள் கடைக்கு ஊரே பயந்து ஓடி வந்தது. அந்த வாரத்தில் நடந்தவை இவை.

முதல் கிராக்கி

அன்றைக்குக் கடை திறக்கும்போதே தேவராஜ் வாசலில் நின்றிருந்தான். துறைமுகத்தில் கிரேன் ஹெல்பர். ஹெல்மெட் போட்டால் முடி கொட்டும் என்று எங்களிடமே சட்டம் பேசுகிறவன். "யக்கா, கழுத்த மூட்ற மாரி எதுனா கீதா?" என்றான். முகம் வெளிறிப்போயிருந்தது. எண்ணூர்ப் பக்கம் நாய் கடித்துச் செத்த ஒருத்தன் பிணவறையில் எழுந்து உட்கார்ந்தானாம். மூடப் போன ஆளைக் கடித்தானாம். கடிபட்டவன் அங்கேயே செத்து, அவனும் எழுந்து வெளியே ஓடிவிட்டானாம். இரண்டு பேரும் இப்போது ரோட்டில்.

எனக்கும் பயம்தான். ஆனாலும் தைரியமாக, "போன ஞாயித்துக்கிழமை கேபிள்ல போட்டானே, இங்கிலீஷ் படம், அதே கதைதானே இது?" என்றேன். தேவராஜ் ரோட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "படத்துல வந்தா பொய்யாயிடுமா? நாய் கடிக்கிறதகூடத்தான் படத்துல காட்றான்."

கடித்துப் பார்த்தோம்

மதியத்துக்குள் கடை நிரம்பிவிட்டது. மேலே விழுகிற இரும்புக்கு, தெறிக்கிற நெருப்புக்கு, அமிலத்துக்கு எல்லாம் எங்களிடம் சாமான் உண்டு. பல்லுக்கு என்று எந்தக் கம்பெனியும் எதுவும் செய்யவில்லை. எது தாங்கும், எது தாங்காது என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டால் நான் எங்கே போவேன்? நெட்டுக்குப்பத்திலிருந்து வந்திருந்த அஞ்சலையம்மா மட்டும் கவுண்டரை விட்டு நகரவில்லை. முகத்துவாரத்துத் தண்ணீரில் உட்கார்ந்து கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறவள். "எனுக்குக் கைதாம்மா சோறு. அது போச்சுன்னா நான் செத்த மாரிதான்" என்றாள்.

பாய் யோசித்தார். வெல்டிங் வேலைக்காரர்கள் போடுகிற, முழங்கை வரைக்கும் வருகிற தோல் கிளவுஸை மாட்டிக்கொண்டு என் முன்னால் கையை நீட்டினார். "கடிம்மா புஷ்பம்." நான் மாதாவை நினைத்துக்கொண்டு கடித்தேன். அவருக்கு வலிக்கவில்லை. பிறகு நூல் கிளவுஸை மாட்டிக்கொண்டு நீட்டினார். கடை முழுக்க எட்டிப் பார்க்க, நான் மறுபடியும் கடித்தேன். அவர் போட்ட கத்தலில் வாசலில் நின்றவர்கள் எல்லாம் ரோட்டுக்கு ஓடினார்கள். அஞ்சலையம்மா சத்தமில்லாமல் தோல் கிளவுஸை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். பாய் விரலை ஊதிக்கொண்டே சொன்னார்: "செத்தவனுக்கு இவ்ளோ பலம் இருக்காதும்மா."

உனக்கு என்ன வேணும்?

அந்த வாரத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஒரு தாய்தான். வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து இரண்டு சின்னப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. பிள்ளைகளுக்குக் கம்பூட்ஸ் வேண்டுமாம். எங்களிடம் இருப்பதெல்லாம் ஆம்பிளை அளவு. சின்னவளைப் பூட்ஸில் இறக்கினோம். தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டாள், நடக்க வரவில்லை. அந்த நேரம் பார்த்து எவனோ கறுப்புக் கண்ணாடி வைத்த வெல்டிங் முகமூடியை மாட்டிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான். பிள்ளை வீறிட்டு அலறியது, பூட்ஸோடு சாய்ந்து விழுந்தது.

கடைசியில் ஒரு தோல் ஏப்ரனை இரண்டாக வெட்டச் சொன்னாள். வெட்டி, கயிறு கோத்து, இரண்டு பெண்களுக்கும் நானே கட்டிவிட்டேன். "உனக்கு?" என்றேன். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. நன்றாக யோசித்து வைத்திருந்த குரலில் கேட்டாள்: "என்னக் கட்ச்சிட்டா அப்புறம் நானும் இதுங்களக் கட்ப்பேன் இல்ல? என் வாய மூடி கட்டிக்கிற மாரி எதுனா இருந்தாக் குடும்மா."

வழிவிட்ட கூட்டம்

கல்லறையில் குழி வெட்டுகிற சகாயம், எங்கள் பேட்டைக்காரர்தான். மழைக்காலம் என்று கம்பூட்ஸ் வாங்க வந்தார். அவர் யார் என்று தெரிந்ததும் அத்தனை நெரிசலும் விலகி அவருக்கு வழிவிட்டது. யாரும் அவர் மேல் படாமல் நின்றுகொண்டார்கள். உள்ளேயிருந்து சத்தம் கேட்டதா, மண் அசைந்ததா என்று ஆளுக்கொரு கேள்வி. அவர் உட்கார்ந்து பூட்ஸை அளவு பார்த்தார். வலது பூட்ஸை இடது காலில் மாட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். "உங்களுக்குமா அண்ணே பயம்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

குனிந்தபடியே எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ரொம்ப ஆயமா குழி வெட்டச் சொல்லி, பொணத்தோட வர்றவனுங்க கம்போட நிக்கிறானுங்கம்மா. கீய கீறவனால ஒரு பேஜாரும் இல்ல, மேல நிக்கிறவனப் பாத்தாதான் ஒதறுது."

பஸ் ஸ்டாப்பில்

மறுநாள் சாயங்காலம். நானும் முந்தானைக்குள் தோல் கையுறை ஒன்றை மாட்டிக்கொண்டுதான் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். தெருவிளக்கு இன்னும் எரியவில்லை. கிடங்குகளுக்கு நடுவிலிருக்கிற சந்திலிருந்து ஒருத்தன் வந்தான். தலையிலிருந்து கால் வரைக்கும் சாம்பல் நிறம். வாயோரம் ரத்தம். ஒரு காலை இழுத்து இழுத்து, கையை முன்னால் நீட்டிக்கொண்டு, தொண்டையில் ஏதோ ஒரு சத்தத்தோடு வந்தான். "வந்துட்டான்டா!" என்று யாரோ கத்தினார்கள். ஒவ்வொரு முகமூடியாகக் கீழே இறங்குகிற சத்தம் கேட்டது. ஹெல்மெட், ஏப்ரன், கறுப்புக் கண்ணாடி. யார் யார் என்று ஒன்றும் புரியவில்லை. அத்தனையும் நான் எடுத்துக் கொடுத்த முகங்கள். கைகளிலிருந்த இரும்புக் கம்பிகள் உயர்ந்தன. நான் கம்பத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

எண்ணூர் பஸ்ஸுக்கு நின்றிருந்த அஞ்சலையம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். முழங்கை வரைக்கும் தோல் கிளவுஸ். நேராகப் போய் அவன் இரண்டு தோளையும் பிடித்தாள். அவன் அப்படியே அவள் மேல் சரிந்தான். "தண்ணி..." என்றான். கிடங்கு டேங்கைக் கழுவ உள்ளே இறங்கியவன், கெட்ட காற்றில் மயங்கி, சகதிக்குள் முகம் அடிபட விழுந்து, தட்டுத்தடுமாறி வெளியே வந்திருக்கிறான் என்று பிறகுதான் தெரிந்தது. கம்பியோடு முன்னால் நின்ற ஒருத்தன் முகமூடியை அவள் ஒரு கையால் தூக்கினாள். உள்ளே வேர்த்து வழிந்தபடி தேவராஜ். அவள் போட்ட அதட்டலில் அத்தனை கம்பியும் இறங்கியது: "செத்தவன் தண்ணி கேப்பானாடா? கம்பியப் போட்டுட்டு அவன் காலப் புடி, ஆட்டோல ஏத்து!"

கடைசிக் கிராக்கி

அந்த ஆள் பிழைத்துக்கொண்டான். பெயர் முனுசாமி. வதந்தி தானாக அடங்கியது. பிணவறையில் எழுந்தவனைக் கண்ணால் பார்த்தவர் ஒருத்தரும் கிடைக்கவில்லை. வாங்கின சாமானைத் திருப்பிக் கொடுக்க ஜனம் வெட்கத்தோடு வரிசையில் நின்றது. ஏப்ரன் கட்டின பெண்பிள்ளைகளின் தாய் மட்டும் வரவே இல்லை. தோலைத்தான் வெட்டியாகிவிட்டதே, என்ன செய்வாள் பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

வரிசையெல்லாம் கலைந்த பிறகு முனுசாமி வந்தான், பெண்சாதி தோளைப் பிடித்துக்கொண்டு. பேச்சுக்கு நடுவில் இன்னும் மூச்சு வாங்கியது. மறுபடியும் டேங்கில்தான் இறங்கப் போகிறான். வேறு வேலை தெரியாது. மேஸ்திரியிடம் மாஸ்க் கேட்டால் மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறாராம். காலியாகி மறுபடியும் நிரம்பிக்கொண்டிருந்த எங்கள் அலமாரிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "பொணம் கட்ச்சா போட்டுக்க அல்லாத்தயும் வாங்கிக்கினு போனாங்களாமே, காத்து கட்ச்சா போட்டுக்க இன்னா கீதும்மா?"

செத்தவர்களுக்குப் பயந்து ஊர் கடையையே காலி பண்ணின அந்த வாரத்தில், திரும்பி வராமல் விற்றதாகக் கணக்கில் நின்றவை, சகாயத்தின் கம்பூட்ஸை விட்டால், உயிரோடு இருக்கிற முனுசாமி மூச்சுவிட வாங்கிப்போன விஷக்காற்று மாஸ்க் ஒன்றும் பிள்ளைகளுக்கு வெட்டின ஓர் ஏப்ரனும்தான்.