ஜும்ஆ நேரத்து ரீஸ்டார்ட்

போன வெள்ளிக்கிழமை மதியம் ஒரு பெண்ணுக்கு போன் செய்தேன். மன்னிப்புக் கேட்கத்தான். அதற்கு முன் தண்ணீர் குடித்தேன், ஃபேனைக் கூட்டினேன், ஜன்னல் வழியாக வண்ணார்பேட்டை பஸ்களை வேடிக்கை பார்த்தேன். ஐம்பதை நெருங்கும் ஒருத்தி, சொந்தமாக சாஃப்ட்வேர் கம்பெனி வைத்திருப்பவள்... ஒரு நம்பரை அழுத்த இத்தனை ஒத்திகை.

வாராவாரம் இந்தப் பக்கத்தில் ஊரார் காலை வாருகிறேன் அல்லவா? இந்த வாரம் வாரப்படுவது என் கால்.

பாளையங்கோட்டையில் ஒரு காது மூக்கு தொண்டை கிளினிக். பெயர் வேண்டாம், அவர்கள் மேல் தப்பே இல்லை. அங்கே டோக்கன் கொடுக்கும் வெப் சர்வீஸ் எங்கள் கம்பெனித் தயாரிப்பு. நோயாளிகள் போனில் பக்கத்தைத் திறந்து, பெயர், ஊர், போன் நம்பர் கொடுத்து, பச்சைப் பட்டனை அழுத்த வேண்டும். 'பதிவாகிவிட்டது' என்று திரையில் வரும். கொஞ்ச நேரத்தில் டோக்கன் நம்பர் வாட்ஸ்அப்பில் வந்து சேரும்.

அந்த சர்வீஸுக்கு ஒரு வியாதி. மெமரி லீக். பயப்படாதீர்கள், எளிதாகச் சொல்லிவிடலாம். கல்யாணப் பந்தியில் சாப்பிட்டவர் எழுந்து போன பிறகும் இலையை எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? அடுத்தவர் உட்கார இடம் இருக்காது. எங்கள் சர்வீஸும் அப்படித்தான். பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டர் மெமரியில் கொஞ்சம் இடம் பிடித்து வைக்கும். ஆள் போன பிறகும் அந்த இடத்தை விடாது. திங்கட்கிழமை துள்ளிக்கொண்டு ஓடும்... வியாழக்கிழமை முனகும்... வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் படுத்துவிடும்.

வைத்தியம் என்ன? எந்த இடத்தில் இலை எடுபடவில்லை என்று புரோகிராமை வரிவரியாகத் தேடிச் சரிசெய்ய வேண்டும். செய்தோமா? இல்லை. வாரம் ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்தோம். மெமரி மொத்தமும் காலியாகிவிடும், சர்வீஸ் புதுமாப்பிள்ளை மாதிரி எழுந்து நிற்கும்.

நீங்கள் மட்டும் என்னவாம்? டிவி மக்கர் செய்தால் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவதில்லையா? வீட்டுக்காரர் உர்ரென்று இருந்தால் என்ன ஏது என்று கேட்காமல், காபியைக் கையில் கொடுத்து முதலிலிருந்து ஆரம்பிப்பதில்லையா? என்ன கோளாறு என்று உட்கார்ந்து பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது?

சரி, எந்த நேரத்தில் ரீஸ்டார்ட் செய்வது? இங்கேதான் என் புத்திசாலித்தனம் வருகிறது. அந்த கிளினிக்குக்கு வருபவர்களில் பாதிப் பேர் மேலப்பாளையத்துக்காரர்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ தொழுகை நேரத்தில் ஆண்கள் பள்ளிவாசலில் இருப்பார்கள், கடைகள் சாத்தியிருக்கும். அப்போது யார் டோக்கன் போடப் போகிறார்கள்? சர்வரைப் பார்த்தோம். உண்மைதான், அந்த நேரத்தில் வருகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். "யக்கா, பாங்கு சொன்னதும் போட்டுருதேன், ஒரு ஈ காக்கா இருக்காது" என்றான் எங்கள் புரோகிராமர் செல்வின். அன்றிலிருந்து அதுவே பழக்கம். பெங்களூர் கம்பெனிக்காரனுக்கு இந்த யோசனை வருமா, ஊர் தெரிந்தவளுக்குத்தானே வரும் என்று நாலு பேரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

ஒன்றைத் தெரிந்தேதான் விட்டேன். வேகமாக இருக்கட்டும் என்று, பட்டனை அழுத்தியதுமே 'பதிவாகிவிட்டது' என்று காட்டிவிடுவோம். நிஜமாகப் பட்டியலில் ஏற்றுவது கொஞ்ச நேரம் கழித்து, எல்லாவற்றையும் மொத்தமாக. அதற்குள் ரீஸ்டார்ட் ஆனால், மெமரியில் இருந்த பெயர் போயே போய்விடும். யாரோ ஒருத்தர் ரெண்டு பேர்தானே... மறுபடி போட்டுக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

அந்த யாரோ ஒருத்தரைப் போன மாதம் நேரிலேயே பார்த்தேன்.

கிளினிக்கில் டோக்கன் பிரின்டர் தகராறு என்று ஒரு சனிக்கிழமை காலையில் போயிருந்தேன். வரவேற்பு மேஜை முன்னால் ஒரு பெண். சபூரா என்று வைத்துக்கொள்ளுங்கள், மேலப்பாளையத்துக்காரர். இடுப்பில் சின்ன மகள். குழந்தைக்குக் காது சரியாகக் கேட்காது, பேச்சு வர வேண்டிய வயதில் பேச்சு வரவில்லை. காது மெஷின் பொருத்திப் பழக்கும் நிபுணர் மதுரையிலிருந்து மாதத்துக்கு ஒரு சனிக்கிழமைதான் வருவார். அதற்கு முந்தின நாள் டோக்கன் போட வேண்டும். போட்டேன் என்கிறார் சபூரா. பட்டியலில் பெயர் இல்லை. அதற்கு முந்தின மாதமும் இதே கதைதான். நிபுணருக்கு அன்று ஆள் நிறைந்துவிட்டது. இனி அடுத்த மாதம்தான்.

வரவேற்புப் பெண் என்னைக் காட்டி, சாஃப்ட்வேர் போட்டது இந்த மேடம்தான் என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் போனிலேயே பக்கத்தைத் திறந்து பாடம் எடுத்தேன். இங்கே பெயர், இங்கே பச்சைப் பட்டன், எழுத்து வரும் முன்னால் அவசரப்பட்டு வெளியே வந்துவிடக் கூடாது என்றெல்லாம். அழுத்தினேனே, எழுத்தும் வந்ததே என்றார் சபூரா. நான் சிரித்தேன்.

"சில நேரம் அமுக்குன மாதிரி இருக்கும்மா, அமுங்கியிருக்காது. பழகுனா வந்துரும்."

அவர் தலையாட்டிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறப் போனார். எனக்கு அன்று மதியச் சாப்பாடு நன்றாகவே இறங்கியது. இப்போது அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

போன வெள்ளிக்கிழமை செல்வின் லீவு. ஆழ்வார்குறிச்சியில் அவனுடைய சித்தப்பா வீட்டுக் கல்யாணம். ரீஸ்டார்ட் வேலை என் தலையில் விழுந்தது. பாங்கு கேட்டதும் உட்கார்ந்தேன். என் விரல் இறங்கவும் திரையில் ஒரு வரி ஓடவும் சரியாக இருந்தது. சபூரா. பக்கத்தில் மேலப்பாளையம். பதிவாகிவிட்டது.

அவ்வளவுதான், திரை காலியானது. சர்வீஸ் புதிதாக எழுந்து வந்தது. பட்டியலைத் திறந்து பார்த்தேன்... அந்தப் பெயர் இல்லை. பக்கத்துக்கு வந்துபோனவர்களைத் தனியாகக் குறித்துவைக்கும் லாக்கில் பழைய வெள்ளிக்கிழமைகளைத் தோண்டினேன். அந்த நேரத்தில் வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் ஏறக்குறைய எல்லாமே பெண்கள் பெயர்.

சபூராவின் நம்பரையும் அதிலிருந்தே எடுத்தேன். அப்போதுதான் தண்ணீர் குடித்தது, ஃபேனைக் கூட்டியது எல்லாம்.

மணி அடித்ததும் எடுத்துவிட்டார். நான் இன்னார் என்றதும் குரலில் ஒரு பதற்றம்.

"அக்கா, நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியேதான் அமுக்கினேன். எழுத்து வந்த பொறவும் வெளிய வரல, அப்படியே வச்சிருக்கேன். இந்த வாட்டி சரியா இருக்கா?"

ஏன் எப்போதும் இந்த நேரத்திலேயே டோக்கன் போடுகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். வீட்டில் இருப்பது ஒரே போன். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், சவாரி எல்லாம் அந்தப் போனில்தான் வரும். ஜும்ஆவுக்குப் போகும்போது, தொழுகையில் மணி அடித்துவிடக் கூடாது என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார். வாரத்தில் அந்தக் கொஞ்ச நேரம்தான் போன் சபூராவின் கையில் இருக்கும்; நம்பர் வாட்ஸ்அப்பில் வந்ததா என்று பார்ப்பதற்குள் அது கணவரோடு போய்விடும். அக்கம்பக்கத்தில் இன்னும் சில வீடுகளிலும் அப்படித்தானாம்.

ஊர் தெரிந்தவளாம் நான். ஊர் என்றால் எனக்கும் ஆண்கள்தான் போலிருக்கிறது. யாரும் இல்லாத நேரம் என்று நான் தேடிப்பிடித்தது, அந்தப் பெண்களுக்கு வாய்த்த ஒரே நேரம். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பெண்ணாக இருந்துகொண்டு இது தோன்றவில்லையே என்று இன்னும் கூடுதலாக வெட்கம்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள், தப்பு முழுக்க எங்களுடையது, நாளைக்கு உங்கள் மகளுக்கு டோக்கன் என் பொறுப்பு என்றேன். மன்னிப்பும் கேட்டேன். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்ப நான் சரியாத்தான் அமுக்கியிருக்கேன்" என்றார் மெதுவாக. "இத எங்க வீட்டுல அவுககிட்ட சொல்லுதியளாக்கா? நான் சொன்னா நம்ப மாட்டாவ. இந்த வாட்டியும் தப்பிச்சுன்னா, புள்ள காரியத்த கொழுந்தன்கிட்ட விட்டுருவேன்னு சொல்லிட்டாவ."

லீக் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். திங்கட்கிழமை நானும் செல்வினும் உட்கார்ந்தோம். சாப்பாட்டு வேளைக்குள் கண்டுபிடித்துவிட்டோம். பெயரை உடனுக்குடன் பட்டியலில் ஏற்றவும் வழி செய்தாயிற்று. மாதக்கணக்கில் நாங்கள் தள்ளிப்போட்டது ஒரு காலை நேரத்து வேலையை! குழந்தையை அந்தச் சனிக்கிழமையே நிபுணர் பார்த்துவிட்டார், மெஷினுக்கு அளவும் எடுத்தாயிற்று. ஆனால் இரண்டு மாதம் போனது போனதுதான், அதற்கு ரீஸ்டார்ட் கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமைக்கே திரும்பி வருகிறேன். தொழுகை முடிந்து கணவர் வீடு திரும்பும்வரை காத்திருந்து மறுபடி போன் செய்தேன். 'சர்வர்ல சின்ன டெக்னிக்கல் பிரச்சினை' என்றுதான் ஆரம்பித்தேன். பழக்கதோஷம். என்ன பிரச்சினை என்று அவர் நிதானமாகக் கேட்டார். பிறகு ஒன்று விடாமல் சொன்னேன். உங்கள் மனைவி மேல் இம்மியும் தப்பில்லை, வெள்ளிக்கிழமைதோறும் அந்த நேரத்தில் அழித்துக்கொண்டிருந்தது நாங்கள்தான் என்றேன்.

"'ஒனக்கு என்னத்த அமுக்கத் தெரியும்'னு அவள ஏசிட்டேனே மேடம்" என்றார்.

நானும் அதையேதான் சொல்லியிருந்தேன். என்ன... கொஞ்சம் சிரித்தபடி.