மதாம் லாக்லேயும் பெயரில்லாத பூட்டும்

பிரெஞ்சும் கிரியோலும் புழங்கும் தீவில், ட்ரியோலே என்ற ஊரில் காலை ஆறரை பஸ் ஏறிக் கடற்கரை ஓட்டலுக்கு வேலைக்குப் போகிறவர்களில் கனகத்துக்கு மட்டும் ஒரு பட்டப்பெயர் உண்டு: மதாம் லாக்லே, அதாவது சாவிக்கார அம்மா. பதினோரு வருஷமாக வரவேற்பு மேசையில் அறைச் சாவிகளைக் கொடுத்து வாங்கியதால் வந்த பெயர். 1991-இல் ஓட்டலுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அந்தப் பெயர் இன்னும் பொருத்தமாகிவிட்டது.

முன்பதிவுகளெல்லாம் ஒரே பதிவேட்டில். கனகத்திடம் ஒரு கம்ப்யூட்டர், உள்ளறையில் முன்பதிவு பார்க்கும் சில்வியிடம் இன்னொன்று. இருவரும் ஒரே நேரத்தில் எழுதிக் குழப்பிவிடக் கூடாதென்று, மெட்ராஸிலிருந்து ஒப்பந்தத்தில் வந்திருந்த மகாதேவன் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். ஒருத்தி பதிவேட்டைத் திறந்ததும் ‘பூட்டு’ என்று ஒரு சின்ன ஃபைல் உருவாகும். அது இருக்கும்வரை மற்றவள் எழுத முடியாது. மூடினால் அது தானாக அழியும்.

ஏற்பாடு நல்லதுதான். ஆனால் ஃப்ரான்சுவாஸ் போன்ற பெயர்களில் வரும் வால் முளைத்த ‘ç’ எழுத்தை அடித்தால் புரோகிராம் பாதியில் செத்துவிடும். பூட்டு மட்டும் அப்படியே நிற்கும். பிரெஞ்சு விருந்தினர்கள் நிறைந்த ஓட்டலில் இது அன்றாடத் தொல்லை. அந்த ஃபைலை அழித்தால் வேலை நடக்கும் என்று கண்டுபிடித்தவள் கனகம். எல்லோரும் மெச்சினார்கள். அவளுக்கும் பெருமை பிடிபடவில்லை.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, பதிவேடு பூட்டியிருப்பதாகத் திரை சொன்னது. கனகம் யோசிக்காமல் பூட்டை அழித்துவிட்டுத் தன் பதிவுகளை எழுதினாள். அந்த நேரம் சில்வி உள்ளே ஒரு பெரிய சுற்றுலாக் குழுவுக்கு அறைகளை மாற்றிக்கொண்டிருந்தாள்; ஒருத்தி எழுதியதை மற்றவள் எழுதியது அழித்துவிட்டது.

மதியம் பதினான்காம் அறை வாசலில் இரண்டு புதுமணத் தம்பதிகள் நின்றார்கள். இரண்டு ஜோடிக்கும் அதே அறை. மேலாளர் ஜான்-க்ளோட் ஓடிவந்தார்.

“கி ஃபின் அரிவே? என்ன ஆச்சு?”

கனகத்துக்குக் காது சிவந்தது. “மோ மெம், மிஸ்யே. நான்தான். பூட்டை அழிச்சேன். சில்வி உள்ளே எழுதுறாளான்னு பார்க்கலே.”

அவர் திட்டவில்லை; ஒரு ஜோடியைக் கடலைப் பார்த்த பங்களாவுக்கு அனுப்பிவிட்டார். அவர்கள் பூரித்துப் போனார்கள். கனகமும் சில்வியும் வந்திருந்த ஃபேக்ஸ்களையெல்லாம் தரையில் பரப்பி, காணாமல்போன இருபத்துமூன்று பதிவுகளைத் திரும்ப ஏற்றினார்கள்.

திங்கட்கிழமை மகாதேவன் வந்தார். “இனிமே பூட்டை அழிக்கிற வேலை உங்களுக்கு வேண்டாம்மா. அந்த அனுமதியை எடுத்துடறேன்.”

கோயிலிலும் மாலை வகுப்பிலும் கற்ற தமிழைத் திரட்டிக்கொண்டு கனகம் சொன்னாள்: “நோன், மிஸ்யே. நீங்க வாரம் ஒரு நாள் வரும். செத்த பூட்டு யார் எடுக்கும்? அந்தப் பூட்டுக்குப் பேர் இல்லே. யார் போட்டது, எப்போ போட்டது, தெரியாது. பேர் எழுதுங்க!”

மகாதேவன் ஃபைலைத் திறந்து பார்த்தார். காலியாக இருந்தது. “அடடா,” என்று சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

இரண்டு நாளில் எல்லாம் மாறியது. பூட்டில் ஆள், கம்ப்யூட்டர், நேரம் மூன்றும் பதிந்தன. எந்தத் தவறால் நின்றாலும், புரோகிராம் தன் பூட்டைத் தானே எடுத்துவிட்டு, என்ன தவறென்று சொல்லிவிட்டுத்தான் நிற்கும்; அடுத்தவர் பூட்டைத் தொடாது. வால் எழுத்தும் பழகிவிட்டது. மின்சாரம் போனால் மட்டும் பூட்டு தங்கும்.

அதைச் சோதிக்க, சில்வியின் கம்ப்யூட்டர் பிளக்கைக் கனகமே உற்சாகமாகப் பிடுங்கினாள்.

“அய்யோ!” என்று சில்வி கத்தினாள்.

கனகம் பதிவேட்டைத் திறந்தபோது அவள் திரையில் ‘சில்வி, 10.05 முதல்’ என்று வந்தது. ஒரு நிமிடம் தானாக மறுபடி மறுபடி முயன்று பார்த்து, பிறகு ‘நேரில் கேட்கவும்’ என்றது. அவள் பன்னிரண்டு அடி நடந்துபோய் உள்ளறைக் கதவைத் தட்டினாள்.

“சில்வி, தோ பே எக்ரிர்? எழுதிக்கிட்டிருக்கியா?”

“எப்படி எழுதறது? நீதானே கொன்னுட்டே!”

மகாதேவனோடு சேர்ந்து மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாதி எழுதிய பதிவைச் சரிபார்த்த பிறகே கனகம் பூட்டை எடுத்தாள்.

அதற்குப் பிறகு ஓட்டல் வளர்ந்தது, கம்ப்யூட்டர்களும் ஒன்பதாயின. 1995-இல் புதிய புரோகிராம் விற்க ஒருவர் வந்தபோது, ஜான்-க்ளோட் கனகத்தையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். வண்ண வண்ணமாய்ப் பக்கங்களைப் புரட்டி விற்க வந்தவர் பேசி முடித்ததும், கனகம் பிரெஞ்சில் ஒன்றே ஒன்று கேட்டாள்: “எழுதும்போதே உங்கள் புரோகிராம் செத்துப்போனால் பூட்டை யார் திறப்பார்கள்?”

அவர் பதிலைத் தேடி மறுபடி முதல் பக்கத்துக்குத் திரும்பினார். கனகம் அவருக்கு அன்னாசி ஜூஸ் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, பதிலுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தாள்.