கோடாரிக் காய்ச்சலைக் களவாடியது யார்?

லெய்டன் நகரத்தில், ரோஸ்காம் அம்மாளின் அச்சுக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் எழுத்து கோத்தவர் டூனிஸ் பிளாக்ஸெய்ல். பள்ளிக்கூடம் போனதெல்லாம் நாலே நாலு குளிர்காலம்தான். அதனால் என்ன? படித்தவர்கள் நேராக வைத்துப் படிக்கிற எழுத்தை அவர் தலைகீழாக வைத்துப் படிப்பார். எந்தப் பேராசிரியராவது அப்படிப் படித்துக் காட்டட்டும் பார்க்கலாம்! டாக்டர் ஹெஸ்ஸலிங்க் தொகுத்து வந்த டச்சு அகராதியில் அதுவரை கோத்த ஒவ்வொரு ஈய எழுத்தும் அவர் விரல் பட்டதுதான்.

அந்த விரல்களைத்தான் ஜூன் மாதத்திலிருந்து எல்லோரும் உற்றுப் பார்த்தார்கள். டெவென்டர் நகரத்திலிருந்து போட்டி அகராதி ஒன்று தவணை தவணையாக வந்துகொண்டிருந்தது. டாக்டர் மீனவர் குடிசைகளில் அலைந்து பொறுக்கிய சொற்கள் அதில் இருந்தன. டாக்டரின் அகராதியோ இன்னும் கடைக்கே வரவில்லை. பிழை திருத்த எடுக்கும் புரூப் தாள் இங்கிருந்து வெளியே போகிறது என்று பேச்சு.

"என்னண்ணே, கோட்டு புதுசா இருக்கு? டெவென்டர்ல தச்சதா?" என்றான் பக்கத்தில் எழுத்து கோக்கும் கிரேலிஸ்.

"ஆமாடா, உன் மாமனார் பொணத்துலேர்ந்து கழட்டினேன். வேலையப் பாரு."

சொன்னாரே தவிர, அவன் மேலேயே டூனிஸுக்குச் சந்தேகம். அவன் தின்றுவிட்டுப் போட்ட ஹெர்ரிங் பொட்டலத்தின் தாளைக்கூட விரித்துப் பார்த்தார். பழைய செய்தித்தாள்தான். மீன் நாற்றம்தான் மிச்சம்.

ஒரு வியாழக்கிழமை டாக்டர் வந்தார். கையில் டெவென்டர்காரனின் புதுத் தவணை.

"'பெய்ல்கோர்ட்ஸ்', கோடாரிக் காய்ச்சல். இப்படி ஒரு வார்த்தையே கிடையாதும்மா. எவனாவது திருடினா பிடிக்கலாம்னு நானே போன வருஷம் கற்பனையா எழுதி வச்சேன். இதோ, அச்சாயிருக்கு! என் வீட்ட விட்டு அது வந்தது இந்த மனுஷன் கைக்குத்தான்."

ரோஸ்காம் அம்மாள் டூனிஸின் முகத்தைப் பார்க்கவில்லை. "சனிக்கிழமையோட நின்னுக்கோங்க டூனிஸ்," என்றாள்.

திருடன் என்று பெயரெடுத்து நின்றால் லெய்டனில் மட்டுமல்ல, ஹாலந்தில் எந்த அச்சுக்கூடமும் வாசல்படி ஏற்றாது. டூனிஸ் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "எதுக்குத் தூக்கில போடுறீங்கன்னாவது பாத்துக்கறேன். அதக் குடுங்க."

பக்கத்தைப் பார்த்தார். முதலில் எரிச்சல் வந்தது. அவ்வளவு மோசமாக எழுத்து கோத்திருந்தார்கள். அப்புறம்தான் கண் ஓரிடத்தில் குத்தி நின்றது.

டச்சில் ஐ-யும் ஜே-யும் ஒட்டி வருகிற எழுத்து ஒன்று உண்டு; 'பெய்ல்கோர்ட்ஸ்' என்பதில் பி-யை அடுத்து வருவது அதுதான். இரண்டெழுத்து என்று நினைக்கிறவர்கள் அதை ஐ வரிசையில் சேர்ப்பார்கள். ஒரே எழுத்து என்கிறவர்கள் கடைசியில், ஒய் இருக்கும் இடத்தில் வைப்பார்கள். அதற்காகப் பேச்சுவார்த்தை முறித்துக்கொண்ட பண்டிதர்கள் உண்டு.

"ஐயா, நீங்க எனக்குக் கோக்கக் குடுத்ததுல இந்த ஒட்டெழுத்து எங்க வரும்?"

"கடைசில. முன்னாடி ஐ வரிசைல வச்சிருந்தேன்; பிப்ரவரில மனசு மாறி, வார்த்தை எழுதின சீட்டெல்லாம் பிரிச்சு வீட்டுல மறுபடி அடுக்கினேன்."

"டெவென்டர்காரனும் கடைசிலதான் வைக்கிறான். பாருங்க, மத்த வார்த்தையெல்லாம் அங்கதான் இருக்கு. இந்தக் காய்ச்சலும் கூட நாலு வார்த்தையும் மட்டும் ஐ வரிசைல, 'பிக்'ங்கற பன்னிக்குட்டிக்கும் 'பில்'ங்கற குண்டிக்கும் நடுவுல உக்காந்திருக்கு."

கிரேலிஸ் சிரித்துவிட்டான். டாக்டர் சிரிக்கவில்லை.

"வரிசைகூட மாத்தாம அப்படியே ஒட்டிட்டான் மடையன். அது உங்க பழைய வரிசை. மொதல் சீட்டு இங்க வந்தது ஏப்ரல்ல. பழைய வரிசைய நான் கண்ணாலகூடப் பாத்ததில்ல. பிப்ரவரிக்கு முன்னாடி உங்க வீட்டுச் சீட்டுப் பெட்டியத் தொட்டது யாரு?"

டாக்டர் சொன்னார்: "நானும்... என் மச்சான் லம்பெர்ட்டும்."

சீட்டுகளைப் பிரதி எடுக்கும் லம்பெர்ட். ஞாயிறு தோறும் டாக்டரோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவன்.

ரோஸ்காம் அம்மாள் தொண்டையைச் செருமினாள். "சரி சரி, எல்லாரும் வேலையப் பாருங்க."

எல்லோரும் திரும்பினார்கள். டூனிஸ் நகரவில்லை. "என்னத் திருடன்னு இத்தன பேர் முன்னால சொன்னீங்க. இல்லன்னும் இத்தன பேர் முன்னாலயே சொல்லுங்க."

டாக்டர் தொப்பியைக் கழற்றினார். "தப்பு என்னோடது டூனிஸ்," என்றார். பின் தணிந்த குரலில், "வீட்டுல மீதி சீட்டையும் ஒருதடவ சரிபாக்கணும். உன் கண்ணு வேணும். வருவியா?"

"வர்றேன். ஆனா உங்க வீட்டம்மா பக்கத்துலயே நிக்கணும். திரும்பறப்ப அவங்களே என் பையத் துழாவிப் பாக்கட்டும். நாளைக்கு ஒரு சீட்டு காணோம்னா, மச்சானுக்கு அப்புறம் உங்களுக்கு ஞாபகம் வர்றது நான்தானே?"