பதினாலாம் நம்பர் பாட்டில்

மெல்போர்னில் நூடுல்ஸ் கடைக்குச் சொந்த ஒயின் பாட்டிலைக் கொண்டுபோவதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. கடைக்காரரே தம்ளர் எடுத்து வைப்பார். மேஜைக்கு வெள்ளைத் துணி விரித்து, கைத்துண்டை அன்னப்பறவையாக மடித்து வைக்கிற இடங்களில்தான் சிக்கல். அங்கே சொந்த பாட்டிலோடு போவது கல்யாண வீட்டுக்குக் கட்டுச்சோறு கொண்டுபோவது மாதிரி. அப்படிப்பட்ட இடங்களிலும் மனசு இளகி "கொண்டு வாங்க" என்று சொல்லக்கூடிய ஒன்றிரண்டைக் கண்டுபிடிப்பதுதான் கோபர்க் பேட்டையில் இருக்கும் க்ளெனிஸின் வேலை. இதற்காக அவளுக்கு யாரும் சல்லிக்காசு தந்ததில்லை. ஆனால் பிறந்தநாள், கல்யாண நாள் என்று ஏதாவது வந்தால் ஊரில் பாதிப்பேர் அவளுக்குத்தான் போன் போடுவார்கள்.

முப்பத்தொரு வருடம் பல் டாக்டரின் முன்மேஜையில் உட்கார்ந்தவள். பல் பிடுங்கப் பயந்து ஓடுகிறவனையே போனில் பேசி நாற்காலியில் உட்கார வைத்த குரல் அது. மதியம் மூன்று மணிக்குத்தான் ஓட்டல்களைக் கூப்பிடுவாள். அப்போதுதான் சமையல்காரர்கள் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள், யாருக்கும் சண்டை போடத் தெம்பு இருக்காது. முதலில் வாத்துக்கறி இருக்கிறதா என்று கேட்பாள். பிறகு படிக்கட்டு ஏற முடியாத ஒரு மாமியாரைப் பற்றிக் கவலைப்படுவாள். அந்த மாமியார் செத்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. கடைசியில்தான், ஏதோ ஞாபகம் வந்தவள் போல, பாட்டில் பேச்சை எடுப்பாள்.

புருஷன் நெவில், டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவன். வீட்டின் மரத்தரைக்குக் கீழே தவழ்ந்துதான் போக முடியும், அந்த இடுக்கில் இருநூறு பாட்டில் அடுக்கி வைத்திருந்தான். லேபிளையெல்லாம் பூச்சி தின்றுவிட்டதால் ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்டில் நம்பர் போட்டிருந்தான். அதில் பதினாலு மட்டும் சாமி மாதிரி. தேன்நிலவுக்கு ஒயினுக்குப் பேர்போன பரோசா போனபோது திராட்சைத் தோட்டத்திலேயே வாங்கியது. "இத சும்மா குடிச்சா பாவம். நல்ல எடமாப் பாத்து சொல்லு, க்ளென்" என்பான்.

க்ளெனிஸும் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் கடந்த பன்னிரண்டு வருடமாக, பதினாலு என்று வந்தால் மட்டும் ஒரு இடமும் தேறவில்லை. ஒரு இடத்தில் கண்ணாடித் தம்ளர் தடிமன். இன்னொரு இடத்தில் பரிமாறுகிறவனுக்கு நகத்தில் அழுக்கு. மற்றொன்றில் சமையல்காரர் முகமே சரியில்லை. மற்ற பாட்டில்களுக்கெல்லாம் அதே இடங்கள் தாராளமாகத் தேறின.

காரணம் எளிது. பதினாலை அவள் குடித்துவிட்டாள்.

முப்பதாவது கல்யாண நாளன்று நெவில் மறந்துபோய் மீன் பிடிக்கக் கிளம்பிவிட்டான். தங்கை லொரெயின் வந்தாள், இருவரும் சமையலறையில் உட்கார்ந்து அவனைத் திட்டினார்கள். திட்டத் திட்டத் தொண்டை காய்ந்தது. காலையில் பார்த்தால் பதினாலு காலி. அவசரத்துக்குப் பக்கத்துக் கடையில் எட்டு டாலருக்கு ஒரு சிவப்பு ஒயின் வாங்கினாள். அங்கே தக்கை வைத்த பாட்டில் ஒன்றுகூட இல்லை, எல்லாம் திருகு மூடி. கிறிஸ்துமஸ் மெழுகுவர்த்தியை உருக்கிக் கழுத்தில் ஊற்றி மூடியை மறைத்தாள். லேபிளைச் சுரண்டிவிட்டு, பல் ஆஸ்பத்திரி ரசீதில் தப்பை அழிக்கிற வெள்ளை மையால் பதினாலு என்று எழுதினாள். நல்ல கையெழுத்து.

இந்த வருடம் மார்ச்சில் நெவிலின் தொண்டையில் ஒரு கட்டி தெரிந்தது. வரும் திங்கட்கிழமை முதல் கதிர்வீச்சு வைத்தியம், ஏழு வாரம். பிழைத்துக்கொள்ள நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் நாக்கில் ருசி போய்விடும், எப்போது திரும்பும், முழுசாகத் திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். நெவில் வீட்டுக்கு வந்ததும் தரைக்குக் கீழே தவழ்ந்துபோய் பாட்டிலோடு வெளியே வந்தான். தலையெல்லாம் சிலந்திவலை.

"சனிக்கிழமை மத்தியானம். பதினாலு. எடம் பாரு."

நாக்கு போகப்போகிற மனுஷனுக்குக் கடைசியாக எட்டு டாலர் சரக்கா? அந்தப் பழைய பரோசா ஒயினையே வாங்கிவிடலாம் என்று க்ளெனிஸ் விசாரித்தாள். இப்போது அது ஏலத்தில்தான் வருமாம். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தாள். இரண்டு முறையும் டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டாள். வேறு வழியில்லாமல், எல்லோரும் முடியாது என்று சொல்ல வேண்டுமே என்ற வேண்டுதலோடு ஓட்டல்களைக் கூப்பிட்டாள். சனிக்கிழமை வேண்டாம், செவ்வாய் வாங்க என்றார்கள். பாட்டிலா, மன்னிக்கணும் என்றார்கள். ஏழு இடம் கைகொடுத்தது. எட்டாவது இடம் கழுத்தை அறுத்தது.

"தாராளமா கொண்டு வாங்கம்மா" என்றது போனில் ஒரு குரல். அங்கே ஒயின் பரிமாறும் டாமியன். "ஒரே கண்டிஷன். எங்க பட்டியல்ல இருக்கிற ஒயினா இருக்கக் கூடாது."

"அதுக்கு நான் உத்தரவாதம்" என்றாள் க்ளெனிஸ். அந்த வாரம் அவள் பேசிய ஒரே உண்மை அது.

சனிக்கிழமை நெவில் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டான், பொத்தான் எட்டவில்லை. பாட்டிலைத் துண்டில் சுற்றி, டிராமில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். டாமியன் ஐம்பது வயதுக்காரர், மீசையை முறுக்கி விட்டிருந்தார். பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கி, "எந்த வருஷம் சார்?" என்றார்.

"எண்பத்தொண்ணு" என்றான் நெவில்.

டாமியனின் புருவம் ஏறியது. பழைய ஒயினைக் கசடில்லாமல் வடிக்க அகல வாய்க் குடுவை வந்தது. கசடு தெரிய வெளிச்சம் காட்ட மெழுகுவர்த்தி வந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பினார்கள். அவர் சின்னக் கத்தியால் மெழுகைச் சுற்றிலும் கீறி, பூப்போல எடுத்தார். பிறகு தக்கை திருகியை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். கீழே பளபளவென்று தகர மூடி. எண்பத்தொன்றில் இந்த மாதிரி ஒயினுக்கு யாரும் திருகு மூடி போட்டதில்லை என்பது டாமியனுக்கும் தெரியும், நெவிலுக்கும் தெரியும்.

க்ளெனிஸ் கைத்துண்டு அன்னப்பறவையின் கழுத்தைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள்.

"தெறங்க" என்றான் நெவில்.

டாமியன் திருகினார். அந்த 'கிறீச்' சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. ஊற்றிவிட்டு, நல்ல மனுஷன், தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"நெவில், நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"சொல்ல வேணாம். பன்னெண்டு வருஷமாத் தெரியும்."

"என்னது?"

"மீன் புடிச்சிட்டு வந்தப்பவே அடுப்பு மேல செவப்பு மெழுகு ஒட்டிக் கெடந்துச்சு. கீழ போய்ப் பாத்தேன். பதினாலு மட்டும் பளிச்சுனு இருந்துச்சு. மத்ததெல்லாம் ஒட்டடை."

"யோவ்! அப்பவே ஏன்யா கேக்கல?"

"கேட்டா, கல்யாண நாளன்னிக்கு நீ எங்கய்யா போனன்னு நீ கேப்பியே."

அவளுக்கு அழுவதா, தட்டை எடுத்து அடிப்பதா என்று தெரியவில்லை. பன்னிரண்டு வருடமாக ஊரில் இருந்த நல்ல ஓட்டலுக்கெல்லாம் நொள்ளை சொன்னவள்.

"அப்ப எதுக்கு இன்னிக்கி இத எடுத்த? நல்லதா ஒண்ணு எடுத்திருக்கலாம்ல, பாவி. திங்கக்கிழமைக்கு அப்புறம்..."

"மூடி தெறக்கும்போது உன் மூஞ்சியப் பாக்கணும்னு இருந்துச்சு. பாத்துட்டேன். எந்த ஒயினும் இதுக்கு ஈடில்ல." அவன் தம்ளரைச் சுழற்றினான். "சரி, நீ சொல்லு. அந்த ஒரிஜினல் எப்பிடி இருந்துச்சு? நான்தான் குடிக்கல. நீ சொன்னா நெனச்சுக்கறேன்."

க்ளெனிஸ் யோசித்தாள். இந்த நேரத்தில் பொய் சொல்லலாம். கருப்புத் திராட்சை, புகையிலை வாசம் என்று ஓட்டல்காரர்கள் சொல்வதையெல்லாம் அவளும் சொல்வாள். ஆனால் முடியவில்லை.

"ஞாபகமில்ல, நெவில்."

"என்ன?"

"அதுக்கு முன்னாடியே ரெண்டு பாட்டில் ஆயிடுச்சு. பதினாலக் காப்பிக் கப்புல ஊத்திக் குடிச்சோம். லொரெயின் அதுல சோடா கலந்தா."

நெவில் சிரிக்க ஆரம்பித்தான். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். சிரிப்பு இருமலானது, கண்ணில் தண்ணீர் வந்தது, டாமியன் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஒண்ணுமில்ல சார்" என்று மூச்சு வாங்கினான் நெவில். கொண்டுவந்த பாட்டிலில் முதல் வாயைப் பரிமாறுகிறவருக்குக் கொடுப்பது முறை. தம்ளரை அவரிடம் நீட்டினான். "நீங்க ருசி பாத்துச் சொல்லுங்க. எப்பிடி?"

டாமியன் முகர்ந்தார். வாயில் வைத்து உருட்டினார். விழுங்கினார். திருகு மூடியையும், எட்டாத கோட்டுப் பொத்தானையும், கசங்கிப்போன அன்னப்பறவையையும், கண்ணைத் துடைக்கிற பொம்பளையையும் பார்த்தார். பிறகு மீசையை நீவிக்கொண்டு, மெல்போர்னின் ஒயின்களுக்கெல்லாம் நீதிபதி மாதிரி சொன்னார்:

"நல்லா இருக்கு சார். அவசரமே வேண்டாம். இன்னும் பல வருஷம் தாங்கும்."

பச்சைப் பொய். எட்டு டாலர் சரக்கு பன்னிரண்டு வருடம் தாங்கியதே அதிகம். க்ளெனிஸுக்கு அது தெரியும். மேஜைக்கு அடியில் நெவிலின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றாள். "இவருக்குக் காது சரியாக் கேக்காது."